சுந்தர்ஜி பெரிய தளபதியா? மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன்

‘ஜெனரல் சுந்தர்ஜி நிஜமாகவே பெரிய தளபதியா, இல்லை வெறும் வாய்ச்சொல் வீரரா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டாள அனுபவம் கிடையாது. என் தாய்மாமாவுக்கு உண்டு. திருவட்டாறு பக்கம் வீடு. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி முடித்து, சில வருடம் கழித்து மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரிக்கு, அதாவது கவச வண்டியில் போய்ப் போரிடும் காலாட்படைக்கு, மாற்றப்பட்டவர். இப்போது பென்ஷனும் அரை ஏக்கர் ரப்பரும். சுந்தர்ஜி பெயரைச் சொன்னால் போதும், சாயா ஆறிப்போகும் வரை பேசுவார்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. கிருஷ்ணசாமி சுந்தரராஜன், செங்கல்பட்டில் பிறந்தவர். மஹார் ரெஜிமெண்டில் சேர்ந்து, காங்கோவில் ஐ.நா. படையில் இருந்து, 1971 போரையும் பார்த்தவர். காலாட்படை அதிகாரியாக இருந்தும் 1-வது கவச டிவிஷனுக்குத் தலைமை ஏற்றார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் டாங்கிக்காரர்கள்தான் உட்கார்ந்தார்கள். 1986 முதல் 1988 வரை ராணுவத் தலைமைத் தளபதி.

காலாட்படை நடந்துபோய்ப் போரிடும் காலம் முடிந்துவிட்டது, டாங்கியின் வேகத்துக்கு அதுவும் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. 1979-இல் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமெண்ட் உருவானதில் அவர் பங்கு பெரிது. பழைய பட்டாலியன்களைத்தான் அதற்கு மாற்றினார்கள். அதில் முதலாவது எது தெரியுமா? 1776-இல் எழுப்பப்பட்ட 1-வது மதராஸ். இதைச் சொல்லும்போது மாமா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அந்தப் படையை ஏற்றிப்போகும் பி.எம்.பி. என்ற கவச வண்டிக்குள் எப்படி இருக்கும் என்று ஒருநாள் சிட்-அவுட்டில் செய்தே காட்டினார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டு, என்னை ஒன்றில் உட்கார வைத்து, முழங்கால் சுவரில் இடிக்கும்வரை நெருக்கினார். “இப்பிடியே ஆறு மணிக்கூர். மேல ராஜஸ்தான் வெயிலு, உள்ள டீசல் மணம். பின்கதவுக்குள்ளயும் எண்ணெய்தாம்லே நிக்கும்.” பொய்யில்லை, அந்த வண்டியின் பின்கதவுகளே எரிபொருள் தொட்டிகள்.

அந்த ராஜஸ்தான் நாட்கள் 1986-87 பிராஸ்டாக்ஸ் பயிற்சிக் காலம். லட்சக்கணக்கான வீரர்களை எல்லைப் பக்கம் திரட்டி சுந்தர்ஜி நடத்திய ஒத்திகை. பாகிஸ்தான் நிஜப் போர் என்றே நினைத்துத் தன் படையை நகர்த்திவிட்டது. கடைசியில் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்கு கிரிக்கெட் பார்க்க வந்து சூடு தணிந்தது. ஒத்திகைதானா, இல்லை அந்தச் சாக்கில் அடித்துவிடும் எண்ணமா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். மாமாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மணலில் வண்டியின் சங்கிலிப் பெல்ட் கழன்ற கதைதான் அவருக்கு முக்கியம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சும்துரோங் சூ. 1986-இல் அருணாசலப் பிரதேசத்துத் தவாங் பகுதியில் இருக்கும் அந்த எல்லைப் பள்ளத்தாக்கில் சீனர்கள் வந்து கூடாரம் போட்டார்கள். 1962-இல் நாம் அடிபட்ட அதே வட்டாரம். சுந்தர்ஜி ஒரு பிரிகேடை ஹெலிகாப்டரில் பக்கத்து ஜிமிதாங்குக்கு ஏற்றிவிட்டு, உயரமான இடங்களைப் பிடிக்க வைத்தார். அந்த முறை நாம் பின்வாங்கவில்லை, போரும் மூளவில்லை.

அணு ஆயுத விஷயத்திலும் முன்கூட்டியே யோசித்தவர். மத்தியப் பிரதேசத்து மோ என்ற ஊரில் ராணுவத்தின் காம்பட் கல்லூரித் தலைவராக இருந்தபோதே, 1980-81 வாக்கில், எதிரியிடம் அணுகுண்டு இருந்து நம்மிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அதிகாரிகளிடம் தபால் வழியே கருத்துக் கேட்டுத் தொகுத்தார். டெல்லியில் அதைப் பற்றி வெளிப்படையாக வாய் திறக்கத் தயங்கிய காலம் அது. எண்ணிக்கையில் போட்டி போட வேண்டாம், திருப்பி அடிக்கிற அளவுக்குக் கொஞ்சம் இருந்தால் போதும் என்பது அவர் வாதம்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். 1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோவிலில் ஆயுதங்களோடு பதுங்கியிருந்தவர்களைப் பிடிக்க ராணுவம் நுழைந்தபோது மேற்குக் கட்டளைத் தளபதி இவர்தான். உள்ளே அனுப்பிய கவச வண்டியை ராக்கெட் அடித்து நிறுத்தியது, அப்புறம் டாங்கியே போனது. அரசுக் கணக்கிலேயே 83 ராணுவத்தினர் இறந்தார்கள். மற்றவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மூன்று வருடம் கழித்து, இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படை புலிகளோடு மோதிய யாழ்ப்பாணம். 1987 அக்டோபரில் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி பிளாட்டூனில் ஒருவர் தவிர அத்தனை பேரும் போனார்கள். பனையும் வேலியுமான ஒழுங்கைகளில் கண்ணிவெடி காத்திருந்தது. 1990-இல் திரும்பி வருவதற்குள் ஏறக்குறைய 1,200 வீரர்கள் இறந்தார்கள். யாழ் மருத்துவமனைக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட நோயாளிகளும் ஊழியர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். போகச் சொன்னது அரசியல்தான், மறுக்கவில்லை. ஆனால் புலிகளைச் சீக்கிரம் அடக்கிவிடலாம் என்ற நினைப்பில் தளபதிக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். தமிழர் ஒருவர் தலைமைத் தளபதியாக இருந்தபோது நடந்தது என்பதால் எங்கள் பக்கம் அந்தப் பேச்சு இன்னும் கசப்பாகத்தான் வரும்.

இதை மாமாவிடம் கேட்டேன். அவருடைய பேட்ச்காரர் ஒருவர், கருங்கல் பக்கத்து ஆள், இலங்கைக்குப் போய்த் திரும்பாதவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “மக்கா, அவரு மைதானத்துக்குள்ள ஆளாக்கும். தூரத்துல நிக்குற டாங்கியப் பத்தி அவருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. சந்துக்குள்ள ஒளிஞ்சு நிக்குற பயலத்தான் தெரியாமப் போச்சு.” நான் நாலு பத்தி எழுதியும் இதற்கு மேல் சொல்லிவிடவில்லை.

ஸ்வீடன் பீரங்கி போஃபர்ஸ், அதில் எழுந்த ஊழல் புகார் பற்றிக் கேட்பீர்கள். 410 பீரங்கிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1986 மார்ச்சில், அவர் பதவிக்கு வந்த இரண்டாவது மாதம். தரகுப் பணம் யாருக்குப் போனது என்பது வேறு கதை. பீரங்கி நல்ல பீரங்கி. 1999 பிப்ரவரி 8-இல் நரம்பு நோயில் சுந்தர்ஜி இறந்தார். மே மாதம் கார்கில் வந்தது. மலைமேல் இருந்த பதுங்கு குழிகளை அந்த போஃபர்ஸ்கள் உடைப்பதை ராத்திரிச் செய்தியில் காட்டுவார்கள். மாமா அப்போது லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். பீரங்கி வெடிக்கிற காட்சி வரும்போதெல்லாம், “சவுண்டைக் கூட்டு பிள்ளே” என்பார் அத்தையிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும்வரை கூட்டச் சொல்வார்.