திருப்பிக் கொடுக்கப்பட்ட கட்டுரை

தம்பி, ஊரிலிருந்து மலேசியாவுக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருக்கும் நிலையில், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகளின் மலாய்க் கட்டுரையை ஆசிரியர் திரும்ப எழுதி வரச் சொன்னது அவமானமா, இப்படி மறுபடியும் எழுத விடுவது முறைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு வாடகையையும் மளிகை விலையையும் இந்தச் சுங்கை சிப்புட் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கட்டுரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவமானம் இல்லை. ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில் எழுதிவந்த பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டுவிட்டன. இப்போதைய வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலைகள் உண்டு. ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளையைக் கவனித்து நிலையைப் பதிவு செய்கிறார். மறுபடி எழுத வைத்தால்தானே பிள்ளை ஏறியிருப்பது அவருக்குத் தெரியும்? இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு அப்படியன்று. மலாய் மொழியில் தேறாவிட்டால் அங்கே சான்றிதழே கிடையாது. மறுதேர்வு உண்டென்றாலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தவறு செய்து திருத்த வேண்டிய வயது இதுதான்.

1997இல் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜவுளிக்கடை வேலைக்கு நான் வந்தபோது மலாயில் ஒரு சொல்லும் தெரியாது. கடையடைத்த பிறகு மாலை வகுப்புக்குப் போனேன். ஒரு கட்டுரையில், சிறுவனுக்கு, மனிதர்களை எண்ணும் 'ஓராங்' என்ற சொல்லை எழுத வேண்டிய இடத்தில், விலங்குகளை எண்ணும் 'ஏக்கோர்' என்ற சொல்லை எழுதியிருந்தேன். ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்தார். அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டு, மற்ற வரிகளை அப்படியே பார்த்தெழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஏடு திரும்பி வந்தது. நான்கு வரி தள்ளி, ஒரு கிழவிக்கும் அதே 'ஏக்கோர்' இருந்தது. அதை அவர் வேண்டுமென்றே வட்டமிடாமல் விட்டிருந்தார். மூன்றாம் முறைதான் முழுக் கட்டுரையையும் நானே படித்துப் பார்த்து எழுதினேன். இன்று மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டுமென்றால் எங்கள் குடியிருப்புக்காரர்கள் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

ஆகவே ஆசிரியர் எல்லாப் பிழையையும் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னால், அது கைக்குத்தான் பயிற்சி. என் மகன் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது வகுப்பே ஒரு பையனின் ஏட்டைப் பார்த்தெழுதிக் கொடுத்தது. ஆசிரியர் படித்துப் பார்க்காமல் அவருடைய கையொப்பம் மட்டும் விழுந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் சிலர், டியூஷன் ஆசிரியருக்குப் பணம் கொடுத்தே இரண்டாம் பிரதியை எழுதி வாங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டவும் செம்பனைத் தோட்டத்துக்கும் விடியுமுன் போகும் தாயின் பிள்ளைக்கு அந்த வசதி ஏது? தோட்டத்துப் பேருந்து கிளம்பும் முன், பள்ளியிலேயே அரைமணி நேரம் உட்கார்த்தி எழுத வைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்; உங்கள் மகளும் அந்தப் பிள்ளைகளோடு அங்கேயே எழுதட்டும்.