அமைச்சர் போடும் விதியை யார் சோதிக்கிறார்கள்? கேள்வி பதில்

செந்தூல் உணவகக்காரர்: மலேசியாவில் உணவகத்தில் புகைக்கக் கூடாது என்று 2019 ஜனவரி 1 முதல் வந்ததே ஐயா, அதற்கு மக்களவையில் வாக்கெடுப்பு நடந்ததா?

இல்லை. விதி போடும் அதிகாரத்தை 1983 உணவுச் சட்டம் அமைச்சருக்கே கொடுத்திருக்கிறது. அதன் கீழ் 2004-ல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகளை வைத்துத்தான் அந்தத் தடை வந்தது. இதைத்தான் துணைச் சட்டம் என்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸ் சட்ட மாணவி: பிரிட்டனில் இப்படிப்பட்ட விதிகளைச் சோதிக்க நாடாளுமன்றக் குழுக்கள் இருக்கின்றனவாமே, அவை என்ன பார்க்கும்?

இரண்டு குழு, இரண்டு வேலைம்மா. ஒன்று இரு அவைகளின் கூட்டுக் குழு. விதி நல்லதா கெட்டதா என்று அது கேட்கவே கேட்காது. விதி போட அதிகாரம் தந்த தாய்ச் சட்டத்தின் எல்லையைத் தாண்டுகிறதா, அனுமதியில்லாமல் முன்தேதியிட்டுப் பாய்கிறதா, வாசகத்தில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் பார்க்கும். சட்ட ஆலோசகர்கள் வரி வரியாகப் படிப்பார்கள். சந்தேகம் வந்தால் அமைச்சிடம் விளக்கம் கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் அறிக்கையில் ஏறும். இன்னொன்று மேலவையான பிரபுக்கள் சபையின் குழு, 2003-ல் தொடங்கியது. யாரிடமாவது கருத்துக் கேட்டார்களா, பாதிப்பைக் கணக்கிட்டார்களா என்று அது கொள்கைப் பக்கமும் போகும். என்னைக் கேட்டால், படிக்கச் சுவையானவை இந்தக் குழுவின் அறிக்கைகள்தான்.

அதே மாணவி: ஒரு விதி வேண்டாம் என்று குழு சொன்னால் அது செத்துவிடுமா?

சாகாது. ரத்து செய்வது அவையின் வேலை. அங்கே பெரும்பாலான விதிகள், 40 நாளுக்குள் எதிர்த் தீர்மானம் நிறைவேறாவிட்டால் அப்படியே நிற்கும். பிரிட்டிஷ் மக்களவை கடைசியாக ஒன்றை ரத்து செய்தது 1979-ல்! ஆனால் குழு கேள்வி கேட்டதுமே அமைச்சு விதியைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி போடுவதும் உண்டு. உண்மையான பலன் அங்கேதான்.

செராஸ் வாசகர்: இந்தியாவில்?

அங்கே துணைச் சட்டங்களைச் சோதிக்கும் மக்களவைக் குழு 1953 முதல் இருக்கிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர் சேர முடியாது.

கெப்போங் வாசகர்: நம் நாட்டு விதி ஒன்றை நானே சோதிக்க முடியுமா?

ஓரளவு முடியும் தம்பி. விதிகள் வெளியாகும் அரசாங்கப் பதிவேட்டை (கெஜட்) இணையத்திலேயே பார்க்கலாம். விதியின் தொடக்கத்தில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கும். 2020 மார்ச் நடமாட்டக் கட்டுப்பாட்டு விதியில் 1988 தொற்றுநோய்ச் சட்டத்தின் 11(2) பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவையும் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதிகாரம் மீறப்பட்டதாகத் தோன்றினால், அப்புறம் நீதிமன்றம் இருக்கிறது.