அயர்லாந்தில் கத்தோலிக்கக் குருமார் கம்யூனிஸ்டுகளைக் கண்காணித்தது உண்மையா? அங்கே அவ்வளவு கம்யூனிஸ்டுகள் இருந்தார்களா?

முதல் கேள்விக்கு, உண்மைதான் என்பதே பதில். 1940 முதல் 1972 வரை டப்ளின் பேராயராக இருந்த ஜான் சார்லஸ் மக்வெய்டின் ஆவணங்கள் 1990-களின் இறுதியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, இதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இடதுசாரிகளின் நடமாட்டத்தைக் கவனித்துச் சொல்ல அவருக்கென்று ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது; குருமாரும் பொதுநிலையினரும் (குருமார் அல்லாத விசுவாசிகளும்) அவருக்குத் தகவல் அனுப்பினார்கள். காவல்துறையின் சிறப்புப் பிரிவு செய்துவந்த உளவு வேலை இதற்குப் புறம்பானது.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1951 பொதுத் தேர்தலில் மைக்கேல் ஓ'ரியார்டன் என்பவர் கம்யூனிஸ்டுகளின் கட்சியான அயர்லாந்துத் தொழிலாளர் கழகத்தின் சார்பில் டப்ளின் தென்மேற்குத் தொகுதியில் நின்றார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பில் சண்டையிட்டுத் திரும்பிய அவர் டப்ளினில் பேருந்து நடத்துநராக இருந்தவர். அவருக்கு வாக்களிப்பது சாவான பாவம், அதாவது ஆன்மாவை நரகத்துக்கு அனுப்பும் பெரும் பாவம், என்று திருச்சபைத் தரப்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. அவர் பெற்ற வாக்குகள் 295. தலைநகரிலேயே இவ்வளவுதான் ஆதரவு இருந்த ஓர் இயக்கத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஆனால் அந்த அச்சம் முழுக்கப் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். 1921-இல் டப்ளினில் தொடங்கப்பட்ட மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பு எங்கள் ஊர்ப் பங்குக் கோவிலிலும் இருக்கிறது. யுகோஸ்லாவியாவில் பேராயர் ஸ்டெபினாட்ஸும் ஹங்கேரியில் கர்தினால் மின்சென்டியும் கம்யூனிஸ்டு ஆட்சியாளர்களால் சிறையிலடைக்கப்பட்ட செய்தி அயர்லாந்து மக்களை எப்படிக் கலங்க வைத்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. 1949 மே தினத்தன்று அதைக் கண்டித்து டப்ளினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்; அவர்களை யாரும் மிரட்டி அழைத்து வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில், கம்யூனிசத்தை ஏற்றுப் பரப்புவோர் திருச்சபைக்குப் புறம்பாவார்கள் என்று ரோமாபுரியிலிருந்தே ஆணை வந்தது.

என் மனத்தை உறுத்துவது, அந்த அச்சம் உள்ளூரில் யார் தலையில் போய் விழுந்தது என்பதுதான். 1942-இல் தொடங்கப்பட்ட அயர்லாந்து இல்லத்தரசிகள் சங்கம் கேட்டவை நியாய விலை, முறையான பங்கீடு, சுத்தமான பால், பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு ஆகியவை. அந்தப் பெண்களுக்கும் கம்யூனிஸ்டு முத்திரை குத்தப்பட்டது. 1944-இல் தொழிற்கட்சி உடைந்தபோது, அக்கட்சிக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்ற கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டது 'ஸ்டாண்டர்ட்' என்ற கத்தோலிக்க வார இதழ். அவற்றை எழுதிய ஆல்ஃபிரட் ஓ'ராஹிலி, கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவர். படித்த, மதிக்கப்பட்ட மனிதர்களே முன்வந்து இந்த வேலையைச் செய்ததால்தான், சட்டமோ சிறையோ தேவைப்படாமல் ஒரு பெயரைக் கெடுக்க முடிந்தது.

பேராயரின் கை எதுவரை நீண்டது என்பதற்கு 1955-இல் நடந்த ஒரு கால்பந்தாட்டம் நல்ல சான்று. யுகோஸ்லாவிய அணி டப்ளினுக்கு வந்து ஆட ஏற்பாடாகியிருந்தது. ஸ்டெபினாட்ஸை வதைத்த நாட்டோடு விளையாடக் கூடாது என்று பேராயர் இல்லத்திலிருந்து கால்பந்துச் சங்கத்துக்குச் சொல்லப்பட்டது. 1952-இல் அவருடைய மனமறிந்து இதே போன்ற ஓர் ஆட்டத்தைக் கைவிட்டிருந்த சங்கம் இம்முறை பணியவில்லை. ஆயினும் குடியரசுத் தலைவர் ஷான் டி. ஓ'கெல்லி வரவில்லை, ராணுவ இசைக்குழு விலகிக்கொண்டது, வானொலி வர்ணனையாளர் பிலிப் கிரீனும் ஒதுங்கிக்கொண்டார். அப்படியிருந்தும் அக்டோபர் 19 அன்று டாலிமௌண்ட் மைதானத்துக்கு ஏறக்குறைய 21,400 பேர் வந்தார்கள். அயர்லாந்து 1-4 என்று தோற்றது. பேராயரின் சொல்லுக்கு நாட்டின் மேல்மட்டம் கட்டுப்பட்ட இடத்தில், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் சாதாரண மக்கள் தங்கள் விருப்பப்படி நடந்துகொண்டார்கள் என்பதை, அயர்லாந்தை முழுக்கக் குருமாரின் பிடியில் கிடந்த நாடாகச் சித்தரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மக்வெய்டையும் ஒரே வண்ணத்தில் தீட்டிவிட முடியாது. 1951 டிசம்பரில் நடிகர் ஆர்சன் வெல்ஸ் டப்ளின் கேட் நாடக அரங்குக்கு வந்தபோது, அவரை ஸ்டாலினின் ஆள் என்று அட்டை பிடித்து மறியல் செய்தவர்கள், 'மரியா டூச்சே' என்ற தீவிரக் கத்தோலிக்கக் குழுவைச் சார்ந்தவர்கள். அந்தக் குழுவின் போக்கு மக்வெய்டுக்கே பிடிக்கவில்லை. பின்னாளில் அந்தப் பெயரைக் கைவிடுமாறு அவரே அதற்கு உத்தரவிட்டார். கட்டுக்கடங்காத கூட்டத்தை அவர் விரும்பவில்லை. தகவல் தம்மிடம் வர வேண்டும், முடிவைத் தாம் எடுக்க வேண்டும் என்பதே அவருடைய முறை.

அந்த முறை ஒரு தனிமனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு ஜேக் மர்ஃபியைப் பாருங்கள். வேலையில்லாத் தச்சரான அவர், வேலையற்றோர் போராட்டக் குழுவின் வேட்பாளராக 1957 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உணவு மானியத்தை அரசு நீக்கியதை எதிர்த்து மே மாதம் உண்ணாவிரதமும் இருந்தார். அவருடைய குழுவில் சில கம்யூனிஸ்டுகள் இருந்தது மெய்தான். அவர் பேராயரைச் சந்தித்தார். கம்யூனிஸ்டுகளோடு உறவு வேண்டாம் என்ற நெருக்குதல் வலுத்தது. அந்த ஆண்டு முடியுமுன்பே குழுவை விட்டு விலகினார். 1958-இல் நாடாளுமன்றப் பதவியையும் துறந்து, பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். வேலையற்றோர் கேட்ட வேலை கிடைக்கவில்லை; அவர்களுக்காகப் பேச இருந்த ஒரே குரலும் போயிற்று. இதைத்தான் நான் மன்னிக்க முடியாத இழப்பாகக் கருதுகிறேன்.

1951-க்கும் 1961-க்கும் இடையில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அயர்லாந்தை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் போனது இங்கிலாந்துக்கு. கண்காணிப்பும் அவர்களோடு கடல் கடந்தது. லண்டனில் அயர்லாந்துத் தொழிலாளர்களிடையே இயங்கிய கானலி சங்கம் கம்யூனிஸ்டுகளின் முகமூடி என்றும், அதன் பத்திரிகையை வாங்க வேண்டாம் என்றும், அங்கே போகும் இளைஞர்களைக் குருமார் எச்சரித்து வந்தார்கள்.