வீட்டில் பாட்டு கேட்கக் கேபிளா, வைஃபையா?

100 மெகாபிட் இணைப்பு வைத்திருக்கிறோம். ஆனாலும் கூடத்து ஸ்ட்ரீமரில் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஒலிக்கும் கருவி) ஆலாபனை பாதியில் அறுந்துபோகிறது. இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறலாமா?

மாறாதீர்கள், காசுதான் வீண். சிடி தரத்திலுள்ள ஸ்டீரியோ இசை, சுருக்காமல் அனுப்பினால்கூட விநாடிக்கு 1.4 மெகாபிட்தான். சிடியைவிட நுணுக்கமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்கே 9.2 மெகாபிட் போதும். உங்கள் தொல்லை வேகத்தில் இல்லை, பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடியில் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெரிகின்றன. புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான். தொலைந்த தரவு மறுபடி அனுப்பப்படும். அது வந்து சேருமுன் ஸ்ட்ரீமர் முன்கூட்டியே சேர்த்துவைத்த கையிருப்பு தீர்ந்தால் பாட்டு நின்றுவிடும்.

முதலில் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு ரவுட்டரையும் ஸ்ட்ரீமரையும் நேராக இணைக்கும் நீளமான லேன் கேபிள் ஒன்றை இரவல் வாங்கித் தரையிலேயே இழுத்துவிட்டு, ஒரு மாலை முழுவதும் கேளுங்கள். அறுபடுவது நின்றால் வைஃபைதான் காரணம். நிற்காவிட்டால் இணைய இணைப்பையோ செயலியையோ சந்தேகியுங்கள்.

புது வீடு கட்டுகிறோம். "இந்தக் காலத்தில் லேன் எதற்கு சார்?" என்கிறார் எலக்ட்ரீஷியன்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பூச்சு வேலைக்கு முன் பைப் பதிக்க ஆகும் செலவு சொற்பம். பிறகு சுவரை வெட்டுவதுதான் கொடுமை. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சோர்ந்துவிடும். மின்கம்பி போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் திணிக்க விடாதீர்கள், தனி பைப் வேண்டும். கேட் 6 (லேன் கேபிளில் ஒரு தரம்), முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் இழுக்கும்போதே முறியக்கூடும். மாடிக்கு இரண்டு கேபிள்: ஒன்று ஸ்ட்ரீமருக்கு, மற்றது மாடி வைஃபை பெட்டிக்கு. வீட்டுக்கு வெளியே தொங்கவிட்டு மட்டும் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் ரவுட்டரோடு ஸ்ட்ரீமரும் போய்விடும்.

வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. மின்கம்பி வழியே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் உதவுமா?

உதவலாம், உறுதி சொல்ல முடியாது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரண்டு பிளக்கும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் தடுமாறும். நடுவில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் மட்டும் வாங்குங்கள். சுவரோரம் ஒட்டிவிடும் தட்டையான லேன் கேபிள் எனக்கு இதைவிடப் பிடிக்கும்.

பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் "ஆடியோ" லேன் கேபிளில் ஒலி இனிமையாகுமா?

ஆகாது. கேபிளில் போவது எண்கள். பிழையிருந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. லேன் போர்ட்டிலேயே மின் தொடர்பைத் துண்டிக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. உலோகக் கவசமிட்ட விலையுயர்ந்த கேபிள், இரு கருவிகளின் எர்த்தையும் இணைத்து இல்லாத இரைச்சலைக் கொண்டுவரவும் கூடும். சாதாரணக் கேபிளே வாங்கி, மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

புளூடூத் போதாதா?

சமையலறைக்குப் போதும். போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் பாட்டும் கூடவே போய்விடும், அவ்வளவுதான்.