ஈதர்நெட் டிரைவர்: கேள்வி பதில்

யூனிக்ஸ் வகைக் கெர்னல்களுக்கான (இயங்குதளத்தின் கரு) ஈதர்நெட் டிரைவர், அதாவது கேபிள் வழி நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல், பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: டிரைவர் எழுதக் கற்க விரும்புகிறேன். எந்தக் கார்டிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ரியல்டெக் 8139. சிறந்த கார்டு என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் டிரைவரை ஒரே மூச்சில் படித்துவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் அதன் பெயர் ஆர்எல், லினக்ஸில் 8139டூ. அனுப்புவதற்கு நான்கே இடங்கள். பெறுவதற்கு ஒரே நீண்ட நினைவகத் துண்டு. வரும் பாக்கெட்டுகளைக் கார்டு அதில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும்.

அது பிடிபட்டதும் 8169 டிரைவருக்குப் போங்கள். அங்கேதான் இன்றைய கார்டுகளின் அடிப்படையான டிஸ்கிரிப்டர் வளையம், அதாவது பாக்கெட் வைக்கும் இடங்களை விவரிக்கும் குறிப்புகளின் சுற்றுப் பட்டியல், இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கிரிப்டரிலும் ஒரு முகவரி, ஒரு நீளம், சில நிலை பிட்டுகள். அவற்றில் ஒன்று உரிமை பிட். அது 1 என்றால் பஃபர் (பாக்கெட் தங்கும் நினைவகத் துண்டு) கார்டுக்குச் சொந்தம், 0 என்றால் நமக்குச் சொந்தம். இந்த ஒரு பிட்டைப் புரிந்துகொண்டால் டிரைவரில் பாதி புரிந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. முகவரியையும் நீளத்தையும் முதலில் எழுதுங்கள். அடுத்து நினைவகத் தடுப்பு: முன்பு எழுதியவை போய்ச் சேர்ந்த பிறகே அடுத்ததை எழுத வைக்கும் கட்டளை. உரிமை பிட் கடைசியில். இந்த வரிசை மாறினால், பாதி எழுதிய டிஸ்கிரிப்டரைக் கார்டு படித்து, யாருடைய நினைவகத்திலோ போய் எழுதிவிடும்.

கேள்வி: நான் எழுதிய டிரைவர் எக்ஸ்86 கணினியில் மாதக்கணக்கில் ஓடுகிறது. ஏஆர்எம் பலகையில் மட்டும் சில பாக்கெட்டுகள் சிதைந்து வருகின்றன. கம்பைலர் பிழையா?

பதில்: இல்லை. இப்போதுதான் சொன்னேன்: தடுப்பு. எக்ஸ்86இல் ஒரு செயலி எழுதியவை எழுதிய வரிசையிலேயே வெளியே தெரியும். டிஎம்ஏயும் (கார்டே நேரடியாக நினைவகத்தைப் படித்து எழுதுவது) கேஷும் (செயலி தன்னருகே வைத்திருக்கும் நகல்) ஒத்துப்போகும். பல ஏஆர்எம் பலகைகளில் இந்த இரண்டுமே கிடையாது. கார்டு புதிய பாக்கெட்டை நினைவகத்தில் எழுதிவிட்டது, செயலியோ கேஷில் கிடக்கும் பழைய பைட்டுகளைப் படிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் கேஷையும் நினைவகத்தையும் ஒத்துப்போகச் செய்யும் பஸ்_டிஎம்ஏமேப்_சிங்க் அழைப்பை எங்கெங்கே விட்டிருக்கிறீர்கள் என்று தேடுங்கள். எக்ஸ்86இல் ஓடியதை வைத்து டிரைவர் சரி என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வைஃபை என் துறை அல்ல. அதில் பழகியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வேகம் நிலையாக இருக்கட்டும் என்று கார்டில் 100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று கையால் அமைத்தேன். அதன்பிறகு படுமோசம்.

பதில்: உடனே தானியங்கிக்கு மாற்றுங்கள். இரு முனைகளும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் பேசி முடிவுசெய்யும் பேச்சுவார்த்தையை நீங்கள் நிறுத்திவிட்டதால், எதிரே உள்ள ஸ்விட்சால் வேகத்தை மட்டுமே கண்டுகொள்ள முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுகொள்ள முடியாது. விதிப்படி அது அரை டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். நீங்கள் எந்நேரமும் அனுப்புகிறீர்கள். அது அதை மோதல் என்று எண்ணித் தன் ஃபிரேமை (கேபிளில் போகும் ஈதர்நெட் பாக்கெட்) கைவிடுகிறது. பிங் நன்றாகப் போகும், பெரிய கோப்பு ஊர்ந்து நகரும். தாமிரக் கேபிளில் ஓடும் கிகாபிட்டில் பேச்சுவார்த்தை கட்டாயம்.

கேள்வி: 8139 டிரைவர் ஒவ்வொரு பாக்கெட்டையும் நகலெடுக்கிறதே, ஏன்?

பதில்: அனுப்பும்போது பஃபர் 4 பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்பது கார்டின் நிபந்தனை, மேலிருந்து வரும் பாக்கெட் அப்படி இருக்காது. பெறும்போது வேறொரு சிக்கல். ஈதர்நெட் தலைப்பு 14 பைட். ஃபிரேம் 4 பைட் எல்லையில் தொடங்கினால் அதற்குள் இருக்கும் ஐபி தலைப்பு எல்லை தவறி விழும். சில செயலிகள் அதைப் படிக்கவே மறுத்துவிடும். மற்ற கார்டுகளில் பஃபரை 2 பைட் தள்ளித் தொடங்கிச் சமாளிக்கலாம். இதில் எங்கே எழுதுவது என்று கார்டே முடிவு செய்கிறது.

கேள்வி: நகலெடுப்பது எங்கே நடந்தாலும் தவறுதான். நல்ல டிரைவர் ஒரு பைட்டைக்கூட நகலெடுக்கக் கூடாது.

பதில்: இதை நான் ஏற்கவில்லை. நகலெடுக்காமல் பாக்கெட்டை மேலே அனுப்பினால் பஃபரும் அதனுடன் போய்விடும். வளையத்தில் அந்த இடத்துக்குப் புதிய பஃபர் வாங்க வேண்டும், பழையதன் டிஎம்ஏ வரைபடத்தை (எந்த நினைவகத்தைக் கார்டு தொடலாம் என்ற ஏற்பாடு) நீக்க வேண்டும், புதியதற்கு வரைபடம் போட வேண்டும். ஐஓஎம்எம்யூ (கார்டு தொடும் நினைவக முகவரிகளை மாற்றித்தரும் வன்பொருள்) இருந்தால் இதன் செலவு இன்னும் ஏறும். 60 பைட் ஒப்புகைப் பாக்கெட்டுக்காக இவ்வளவும் தேவையா? அந்தச் சின்ன பாக்கெட் 2048 பைட் பஃபரை, நிரல் படிக்கும் வரை பாக்கெட்டுகள் காத்திருக்கும் சாக்கெட் வரிசையில் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் ஈ1000 டிரைவர் 256 பைட்டுக்குக் குறைவான பாக்கெட்டுகளை நகலெடுத்துவிட்டு அதே பஃபரை வளையத்துக்குத் திருப்பித் தருகிறது. தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: கிகாபிட்டில் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரமே மிகக் குறைவு. அதில் நகலுக்கு ஏது இடம்?

பதில்: கணக்கைப் போட்டே பார்ப்போம். மிகச் சிறிய ஃபிரேம், கடைசியில் சேரும் 4 பைட் சரிபார்ப்பையும் சேர்த்து, 64 பைட். அதன் முன்னுரை 8, இடைவெளி 12. ஆக 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு சுமார் 14,88,000 ஃபிரேம்கள். ஒவ்வொன்றுக்கும் 672 நானோநொடி. தலைப்பைப் படிக்க அந்த 64 பைட்டை எப்படியும் கேஷுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். வந்துவிட்டதை இன்னோர் இடத்தில் எழுதுவது சிறிய வேலை. உங்கள் 672 நானோநொடியைத் தின்பது பஃபர் ஒதுக்கீடும் வரைபடமும் செயலியைக் கார்டு கூப்பிடும் சைகையாகப் பாக்கெட்டுக்கு ஒன்றாக வரும் இன்டரப்டும்தான். முழு அளவு ஃபிரேம்களில் கதை வேறு: நொடிக்கு சுமார் 81,000 வரும், ஒவ்வொன்றிலும் 1500 பைட் சுமை. அங்கே நகலெடுக்காதீர்கள். அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

கேள்வி: ஏஆர்எம் பலகையில் பாக்கெட் சிதைகிறது. கேபிளை மாற்றிப் பார்க்கவா?

பதில்: தடுப்பு, சிங்க். இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 60 பைட்டுக்குக் குறைவான பாக்கெட்டை கார்டே நிரப்பிக்கொள்ளுமா?

பதில்: கார்டைப் பொறுத்தது. 8139 நிரப்பாது, டிரைவர்தான் நிரப்ப வேண்டும். பூஜ்யங்களால் நிரப்புங்கள். நீளத்தை மட்டும் 60 என்று எழுதிவிட்டு நகராதீர்கள். பஃபரில் முன்பு இருந்த பைட்டுகள் அப்படியே கேபிளில் போய்விடும். அது வேறொருவரின் கடிதமாகவோ கடவுச்சொல்லாகவோ இருக்கலாம். ஈதர்லீக் என்ற பெயரில் 2003இல் வெளிவந்த ஓட்டை இதுதான். ஒன்றல்ல, பல கெர்னல்களின் பல டிரைவர்களில் இருந்தது. இன்று புதிதாக எழுதுபவர்களும் இதே தவறைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கேள்வி: கையால் 100 முழு டூப்ளெக்ஸ் வைத்தால் நல்லதுதானே?

பதில்: இல்லை. தானியங்கி.

கேள்வி: ‘வாட்ச்டாக் டைம்அவுட்’ என்று வருகிறது. கார்டு போய்விட்டதா?

பதில்: அனுப்பி முடித்த சேதி உரிய நேரத்தில் வரவில்லை என்பதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை. கார்டை மாற்றும் முன் இன்டரப்ட் எண்ணிக்கையைப் பாருங்கள்: ஃப்ரீபிஎஸ்டியில் விஎம்ஸ்டாட் கட்டளையின் ஐ தெரிவு, லினக்ஸில் ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பு. எண் நகரவில்லை என்றால் இன்டரப்ட் வழியில் கோளாறு. நகர்கிறது என்றால் உங்கள் வளையக் கணக்கு பிசகியிருக்கலாம். கார்டின் நிலை ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லா பிட்டும் 1 என்று வருகிறதா? அப்போது மட்டும் கார்டைக் கழற்றிப் பாருங்கள். பஸ்ஸில் அது பதில் சொல்லவே இல்லை.