குற்றவியல் படிக்க விரும்பும் மகளின் தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் குற்றவியல்தான் படிப்பேன் என்று சொன்ன நாளிலிருந்து மனம் நிம்மதியாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "திருடனையும் கொலைகாரனையும் பற்றிப் படித்துப் பெண்பிள்ளை என்ன செய்யப் போகிறாள்?" என்ற தங்கள் கேள்விக்கு வேலைவாய்ப்பைக் கொண்டு பதில் சொல்வதற்கு முன், அந்தப் பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட விரும்புகிறேன். அது மகளுக்குப் பொருந்துமா என்பது அங்கேதான் தெரியவரும்.

குற்றம் வேறு, நெறிபிறழ்வு வேறு என்பதுதான் முதற்பாடம். சட்டத்தை மீறுவது குற்றம். ஊரும் உறவும் ஏற்றுக்கொண்ட வழக்கத்தை மீறுவது நெறிபிறழ்வு. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் எத்தனை பவுன் என்று கேட்டுப் பேசி முடிக்கும் பெரியவர்களை நம் உறவினர் எவரும் குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை. வேறு சாதியில் மணம் செய்துகொள்ளும் பெண்ணோ எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, அவளுக்கென்று 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே இருக்கிறது. இருந்தும் அவள் வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போகிறது. எது குற்றம், யார் அதை முடிவு செய்கிறார்கள், அந்த முடிவு யாரை எவ்வளவு அழுத்துகிறது என்று கேட்கப் பழக்குவதே இப்படிப்பின் வேலை.

குற்றமே இல்லாத சமூகம் எங்கும் இல்லை என்று பிரான்சின் சமூகவியலாளர் எமில் துர்கைம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதினார். பணமும் வெற்றியும் எல்லோருக்கும் இலக்கு என்று சொல்லிவிட்டு, அங்கே போகும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகத்தில் சிலர் குறுக்குவழி தேடுவார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938இல் விளக்கினார். குற்றம் ஏழைகளின் குணம் என்ற எண்ணத்தை அதற்கடுத்த ஆண்டே இன்னோர் அமெரிக்கச் சமூகவியலாளரான எட்வின் சதர்லேண்ட் உடைத்தார். மதிப்பான பதவியில் இருப்பவர்கள் தம் தொழிலின் வழியாகவே செய்யும் குற்றத்துக்கு அவர் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று தனிப்பெயர் சூட்டினார். நிதி நிறுவனங்களில் சேமிப்பை இழந்த குடும்பங்களைக் கண்ட தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலீட்டாளர் நலன் காக்க இங்கே 1997இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

என் பார்வையில், இந்தப் பாடத்தில் மாணவர் மனத்தை மிகவும் மாற்றுவது முத்திரை குத்தல் என்ற கருத்து. 1871ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சமூகத்தைக் கொண்டே மனிதரைக் குற்றவாளியாகப் பதிவு செய்து, கைரேகை எடுத்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் செல்லக் கூடாது என்று தடுத்தார்கள். இதை எதிர்த்து நின்ற, மதுரைப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. ஆயினும் சீர்மரபினர் என்று இன்று அழைக்கப்படும் அம்மக்களைத் தொடர்ந்த சந்தேகம் அதே நாளில் நீங்கிவிடவில்லை. ஒருவரைத் திருடன் என்று திரும்பத் திரும்பச் சொன்னால், வேறு எதுவாகவும் வாழ அவருக்கு இடமில்லாமல் போகிறது என்பதை, அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1960களில் கோட்பாடாக எழுதுவதற்கு வெகுமுன்பே நம் மண் அனுபவித்திருக்கிறது.

இக்கருத்துகள் அன்றாட வேலையில் எப்படிப் பயன்படும் என்று கேட்பீர்கள். இருசக்கர வாகனத்தைத் திருடியதாக ஒரு சிறுவன், சிறார்மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வந்தால், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அவர் அவன் வீட்டுக்குப் போகிறார். பையன் எந்த வகுப்பில் பள்ளியை விட்டான், தந்தை வேலைக்குப் போகிறாரா, மாலையில் எந்த அண்ணன்களோடு நிற்கிறான் என்று தாயிடம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். எழுதும்போது சிறுவனைக் குற்றவாளி என்று குறிப்பிட அவருக்கு உரிமை இல்லை. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. அந்தச் சில பக்கங்களை எழுதுபவர் மேற்சொன்ன கருத்துகளை உள்வாங்கியவராக இருந்தால் ஒரு பையனின் வாழ்க்கை திசைமாறும் என்பதை நான் மனதார நம்புகிறேன்.

வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 வழியாக நிரப்பப்படுவதுண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பெரும்பாலானவை தொகுப்பூதிய ஒப்பந்தப் பணிகள். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும், குற்றவியல்தான் வேண்டும் என்பதில்லை. தடய அறிவியல் முற்றிலும் வேறு துறை, அதற்கு அறிவியல் பாடங்கள் தேவை. இரண்டையும் ஒன்றென எண்ணிச் சேர்ந்து பின்னர் வருந்துவோர் உண்டு. எனவே இளங்கலையில் சமூகவியல் எடுத்து, முதுகலையில் சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ குற்றவியல் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தால், நெறிபிறழ்வு பற்றிய மெர்ட்டனின் கருத்து அங்கும் பாடத்திட்டத்தில் உண்டு.

விண்ணப்பம் போடும் முன், ஒரு வாரத்து நாளிதழ்களின் குற்றச் செய்திகளை மகள் கத்தரித்து ஒட்டட்டும். ஒவ்வொன்றின் கீழும், அந்தச் செய்தியில் யாருடைய குரல் இல்லை என்று அவளே இரண்டு வரி எழுதட்டும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுவோம்.