ஏழாம் நம்பர் மேஜை காலியா இருக்குங்களா?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் 19 வருடம் மெஸ் நடத்திய நம் 'மெஸ் அம்மா' வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்தவை எல்லாமே கைக்குழந்தையோடு வெளியே சாப்பிடப் போவது பற்றியவை.

சரவணம்பட்டி வாசகி: எனக்கு ஏழு மாதக் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு ஒரு வேளைகூட வெளியே சாப்பிடவில்லை. குழந்தையோடு நிம்மதியாக உட்காரும்படியான ஓட்டலை எப்படிக் கண்டுபிடிப்பது? "பேபி சேர் இருந்தா போதும்" என்கிறார் என் கணவர்.

வீட்டுக்காரர் சொல்றது பாதிதான் சரி, அம்மிணி. பேபி சேர் நிறைய ஓட்டல்ல இருக்கு. எங்கே இருக்குன்னு கேளுங்க. ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பின்னாடி, பெல்ட் அறுந்து, தட்டுல என்னிக்கோ சிந்தின சாம்பார் காய்ஞ்சுபோய்க் கிடக்கும். சர்வர் அதைத் தேடித் தூக்கிட்டு வந்து துடைக்கிறதுக்குள்ள நீங்க குழந்தையை மடியில வெச்சுக்கிட்டே தோசையை முடிச்சிருப்பீங்க. உங்க குழந்தை பிடிமானம் இல்லாம நிமிர்ந்து உட்காருதான்னும் பாருங்க. இன்னும் சாய்ஞ்சு விழுதுன்னா அந்த நாற்காலி இப்போதைக்கு உதவாது.

நான் முதல்ல பார்க்கிறது மேஜை எங்கே போட்டிருக்குங்கிறதை. டிபன் நேரத்துல சர்வர் எப்படி வருவார்னு கவனிச்சிருக்கீங்களா? இடது கையில முழங்கை வரைக்கும் தட்டு அடுக்கியிருக்கும், வலது கையில ரெண்டு காபி டபரா. அவர் கண்ணு நாலாம் நம்பர் மேஜை மேல இருக்கும், உங்க குழந்தை சட்டுனு நீட்டுற கை மேல இருக்காது. கொதிக்கிற காபி குழந்தை தலைக்கு மேல போற இடத்துல உட்காராதீங்க. சுவரோரமா, ஒரு பக்கம் அடைப்பா இருக்கிற மேஜையாப் பாருங்க. சுவரை ஒட்டி நீள சோபா இருந்தா அதைவிட நல்லது, பையும் வைக்கலாம், குழந்தையும் பக்கத்துல உட்காரும். சமையல்கட்டுக் கதவுக்கு எதிர வேண்டாம். ஏ.சி. காத்து நேரா முகத்துல அடிக்குதான்னு ஒருதரம் அண்ணாந்து பாருங்க. இதை யாரும் பார்க்கிறதே இல்ல, அப்புறம் வீட்டுக்கு வந்து குழந்தைக்கு மூக்கு ஒழுகுதுன்னு தயிரைத் திட்டுவாங்க.

பாதி வேலையை வீட்டிலிருந்தே முடிச்சிடலாம். கூகுள் மேப்ல ஓட்டல் பேரைத் தட்டினா, விவரத்துல குழந்தைகளுக்குன்னு தனியா சில வரி இருக்கும். பேபி சேர் உண்டா, டயபர் மாத்துற மேஜை உண்டான்னு அதுல போட்டிருப்பாங்க. அதை மட்டும் நம்பிக் கிளம்பிடாதீங்க. ஓட்டல்காரர் போட்ட படத்தை விட்டுட்டு, சாப்பிட வந்தவங்க எடுத்த படங்களைப் பாருங்க. வாசல்ல எத்தனை படி, மேஜைக்கு மேஜை எவ்வளவு இடைவெளின்னு அதுல தெரிஞ்சுடும். தள்ளுவண்டி கொண்டு போறதா இருந்தா படிதான் முதல் கேள்வி. நம்ம ஊர்ல முக்கால்வாசி ஓட்டல் தெருவை விட நாலு படி மேலதான் இருக்கு. விமர்சனங்களுக்குள்ள 'குழந்தை', 'பேபி'ன்னு போட்டுத் தேடவும் முடியும்.

அப்புறம் ஒரு போன். மதியம் ஒரு மணிக்குப் பண்ணாதீங்க, அந்த நேரத்துல மகாலட்சுமியே கூப்பிட்டாலும் கல்லாவுல இருக்கிறவர் எரிஞ்சுதான் விழுவார். காலையில பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "ஏழு மாசக் குழந்தையோட வர்றோம், சுவரோரமா ஒரு மேஜை கிடைக்குங்களா?"ன்னு கேளுங்க. "எத்தனை மணிக்கு வர்றீங்க?"ன்னு திருப்பிக் கேட்டா, அந்த ஓட்டலுக்குப் போங்க. "வாங்க, பாத்துக்கலாம்"னா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அர்த்தம். எங்க மெஸ்ஸுக்கு அப்படிக் கேட்டு வந்த போனுக்கு நானே "பாத்துக்கலாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷம் மறந்திருக்கேன், அதனால தெரியும்.

போற நேரமும் முக்கியம். டிபன் கூட்டம் போய் சாப்பாட்டுக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஓய்வு இருக்கும், பதினொன்னுல இருந்து பன்னெண்டு வரைக்கும். சாயங்காலம்னா நாலு மணி. அந்த நேரத்துல சர்வருக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும், குழந்தையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் தடவை பயமா இருந்தா ஏதாவது மாலுக்குப் போயிட்டு வாங்க. சாப்பாடு சுமார்தான், சத்தமும் ஜாஸ்தி. ஆனா லிஃப்ட் இருக்கும், வண்டி தாராளமா உருளும், நிறைய மால்ல குழந்தைக்குன்னு தனி அறையும் இருக்கு. அந்தச் சத்தத்துல உங்க குழந்தை அழறது யார் காதுலயும் விழாது.

திருப்பூர் வாசகி: நாலு மாதக் குழந்தை. ஓட்டலில் பசித்து அழுதபோது எங்கே பால் கொடுப்பது என்று கேட்டேன். "பாத்ரூம் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார்கள். மாமியார் காருக்குப் போ என்றார். கார் வெயிலில் நின்றது. வேறு என்னதான் செய்வது?

பாத்ரூமும் வேண்டாம், வெயில்ல நின்ன காரும் வேண்டாம். உட்கார்ந்த மேஜையிலேயே கொடுங்க.

சுவரைப் பார்த்த மாதிரி உட்காருங்க, உங்களுக்குப் பக்கவாட்டுல வீட்டுக்காரரோட நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லுங்க. முக்கால்வாசி மறைஞ்சுடும். சேலை கட்டியிருந்தா அதுக்கு மேல எதுவுமே தேவையில்ல. சுடிதார்னா துப்பட்டாவோட ஒரு முனையைத் தோள்ல பின் குத்திக்குங்க. தலையோட சேர்த்து மூடிடாதீங்க, நம்ம ஊர் புழுக்கத்துக்குக் குழந்தை அஞ்சு நிமிஷத்துல வேர்த்துப் போயிடும். ஆர்டர் கொடுத்த உடனே பால் கொடுக்க ஆரம்பிச்சுடுங்க. சாப்பாடு வர்றதுக்குள்ள அதுவும் பசியாறிடும். பழைய ஓட்டல்கள்ல அரைக் கதவு போட்ட குடும்ப அறை இன்னமும் சில இடத்துல இருக்கு, அது காலியான்னு கேளுங்க. அதுல மிக்சர் பாக்கெட் அட்டைப்பெட்டியை அடுக்கி வெச்சிருப்பாங்க, எடுக்கச் சொன்னா எடுப்பாங்க.

நம்ம மாநிலத்துல 2015 ஆகஸ்ட்ல பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தாங்க. வெளியூர் போறப்போ அது ஞாபகத்துல இருக்கட்டும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டல்ல சாப்பிட்டா அங்கே போயிட்டு வந்துடலாம். பொது இடத்துல தாய் பால் கொடுக்கிறதை இழிவாப் பார்க்கக் கூடாதுன்னு 2025 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. லண்டன்ல இருக்கிற என் தங்கச்சி பொண்ணு இன்னொண்ணு சொன்னா. அங்கே 2010-ல வந்த சமத்துவச் சட்டப்படி, பால் கொடுக்கிறாங்கங்கிறதுக்காக ஒரு அம்மாவைக் கடையை விட்டு வெளியே போகச் சொல்ல முடியாதாம். ஸ்காட்லாந்துல அதுக்கு முன்னாடியே, 2005-ல, ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குப் பால் கொடுக்கிறதைத் தடுத்தா அது குற்றம்னே சட்டம் போட்டுட்டாங்க. மாமியார்கிட்ட இதையெல்லாம் சொல்லிச் சண்டை போட வேண்டாம். "வெயிலா இருக்குங்க அத்தை, நீங்க இந்தப் பக்கம் மறைச்சு உட்காருங்க"ன்னு ஒரு வேலையைக் கொடுத்துடுங்க.

பொள்ளாச்சி வாசகி: பத்து மாதப் பேரனோடு ஓட்டலுக்குப் போனால் மருமகள் ஒரு வாய்கூட ஊட்ட விடுவதில்லை. நாங்கள் எல்லாம் ஊட்டித்தானே வளர்த்தோம்?

வளர்த்தோம். காபி நுரையை விரல்ல தொட்டு நாக்குல வெச்சுத்தான் நானும் வளர்த்தேன். ஆனா அந்தச் சாம்பாரைப் போட்டவ நான், அதுல எத்தனை கை உப்பு விழுதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு நாள் பூரா சேர்த்து ஒரு கிராம் உப்புக்கும் குறைவாத்தான் இருக்கணும்னு சொல்றாங்க. இந்த விஷயத்துல மருமகள் பக்கம்தான் நான்.

ஒரேயடியா வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். இட்லி கேளுங்க, சட்னி சாம்பார் எதையும் மேல ஊத்தாம தனியா. ஓரத்தை நீங்க சாப்பிட்டுட்டு, நடுவுல இருக்கிற பூ மாதிரி பாகத்தை வெந்நீர் தொட்டு மசிச்சுக் கொடுங்க. சாப்பாட்டு நேரம்னா வெறும் சோறும் கொஞ்சம் நெய்யும் கேட்டா எந்த ஓட்டல்லயும் தருவாங்க. தாளிக்காத கெட்டித் தயிரைத் தனியாக் கேளுங்க, தயிர்சாதமா வாங்கினா கடுகும் மிளகாயும் மாதுளை முத்தும் பொறுக்கியே கை ஓய்ஞ்சுடும். அப்பளம் உப்பு. கேசரி முழுக்கச் சர்க்கரை. முழு வேர்க்கடலை, முந்திரி கிட்டவே வேண்டாம், தொண்டையில சிக்கிடும். தேன் ஒரு வயசு முடியட்டும்.

பால் பவுடர் குடிக்கிற குழந்தைன்னா ஓட்டல் வெந்நீரை நம்பாதீங்க. "சூடா இருக்குங்க"ன்னு அவங்க கொடுக்கிறது வாய் கொப்பளிக்கிற சூடுதான் இருக்கும். பவுடர் கலக்கிற தண்ணி 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. வீட்டிலிருந்தே பிளாஸ்க்ல கொண்டு போங்க, கலக்கினதை ஆற வெச்சுக் கொடுங்க, மிச்சத்தைக் கொட்டிடுங்க. கொண்டு போன தாய்ப்பாலை வெதுவெதுப்பாக்க மட்டும் ஓட்டல் வெந்நீர் போதும். ஒரு டபராவுல ஊத்தச் சொல்லி பாட்டிலை அதுல நிறுத்தி வெச்சா ஆச்சு.

சென்னை வாசகர்: மனைவி நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று குழந்தையை நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் டயபர் மாற்றும் பலகை பெண்கள் கழிப்பறைக்குள்தான் இருக்கிறது.

சூப்பர்வைசரைத் தனியாக் கூப்பிட்டு, பார்ட்டி ஹால் திறந்திருக்கான்னு கேளுங்க. மாடியில ஒண்ணு இருக்கும், பகல்ல பூட்டித்தான் கிடக்கும். ரெண்டு நிமிஷத்துக்குச் சாவி தருவாங்க. இல்லேன்னா உங்க கார் பின்சீட்டுதான். சாப்பிடுற சோபாவுல மட்டும் மாத்தாதீங்க தம்பி. கழட்டினதைக் கை கழுவுற இடத்து டப்பாவுல போடாம ஒரு கவர்ல கட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. அதை அள்ளுறது ஒரு அம்மாதான், அவங்களுக்கும் வீட்டுல பேரன் இருப்பான்.

ஈரோடு வாசகர்: சிறிய கஃபே வைத்திருக்கிறேன், மொத்தம் ஒன்பது மேஜை. கைக்குழந்தையோடு வருகிறவர்களை வரவேற்கத்தான் ஆசை. குழந்தை அழுதால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பேபி சேர் வாங்கலாமா?

வாங்குங்க. அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு காரியத்தைச் சொல்லிடறேன்.

மெஸ் தொடங்கி மூணாவது வருஷம். எங்களுக்குப் பதினோரு மேஜை. ஒரு சின்னப் பொண்ணு, கூட அவ அம்மா, நாலஞ்சு மாசக் குழந்தை. நெய் ரோஸ்ட் ரெண்டு சொன்னாங்க. ரோஸ்ட் வந்த நேரம் குழந்தை வீல்னு கத்த ஆரம்பிச்சது. பக்கத்து மேஜையில தினமும் வர்ற கஸ்டமர், மாசக் கணக்கு வெச்சிருக்கிறவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல, பார்த்தார், அவ்வளவுதான். நான் சர்வரைக் கூப்பிட்டு, "அவங்களைக் கை கழுவுற இடத்துக்கிட்ட இருக்கிற மேஜைக்கு மாத்திடு"ன்னேன். அந்தப் பொண்ணு எழுந்து மேஜைக்குப் போகல, நேரா கல்லாவுக்கு வந்தா. குழந்தை இடுப்புல. பில்லை முழுசாக் கொடுத்தா, சில்லறையை எண்ணி வாங்கினா. ரோஸ்ட் ரெண்டும் கூம்பு கலையாம இலை மேல அப்படியே நின்னுட்டு இருந்துது. அதைச் சர்வர் எடுக்கிறதுக்குள்ள ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்துது எனக்கு.

அந்த வாரமே ஏழாம் நம்பர் மேஜையைச் சுவரோரமா இழுத்துப் போட்டோம். ஒரு பக்கம் நாற்காலி போட முடியாது, ரெண்டு பேர் உட்கார வேண்டிய இடம் குறையும்னு வீட்டுக்காரர் சொன்னார். குறைஞ்சுது. ஆனா குழந்தையோட வர்றவங்க தனியா வர மாட்டாங்க, தாத்தா பாட்டி அத்தைன்னு ஆறு பேரா வருவாங்க. அதுவும் கூட்டம் இல்லாத பதினொரு மணிக்கு வருவாங்க. "ஏழாம் நம்பர் காலியா இருக்குங்களா?"ன்னு போன்லயே கேட்கிற அளவுக்கு ஆச்சு.

உங்க கஃபேயில செலவு இல்லாமச் செய்யக்கூடியது சிலது இருக்கு. ஒரு மேஜையைச் சுவரோரம் ஒதுக்குங்க, அதுக்கு மேல பாட்டு ஸ்பீக்கர் இருந்தா இடம் மாத்துங்க. குழந்தை மேஜைக்கு முதல்ல தண்ணியும் டிஷ்யூவும் போகட்டும், பில்லும் முதல்லயே தயாரா இருக்கட்டும். அவங்க எந்த நிமிஷமும் எழுந்திருக்க வேண்டி வரும். சூடான கப்பை வைக்கும்போது பெரியவங்க பக்கம் தள்ளி வைக்கணும்னு பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. அழுகையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கிட்ட நீங்களே போய், "சார், உள் பக்கம் ஒரு மேஜை காலியா இருக்கு, அங்கே தரட்டுங்களா?"ன்னு கேளுங்க. எழுந்து போறது அவரா இருக்கட்டும். பெரும்பாலும் "பரவாயில்லைங்க"ன்னு அங்கேயே உட்கார்ந்துடுவார்.

நாற்காலி வாங்கும்போது பெல்ட் ரெண்டு தோள் மேலயும் வந்து இடுப்புலயும் கால் நடுவுலயும் மாட்டுற மாதிரி பாருங்க, இடுப்பை மட்டும் சுத்துறது போதாது. ஒவ்வொருத்தர் எழுந்த பிறகும் தட்டைக் கழட்டிக் கழுவணும், அதனால கழட்ட முடியுற தட்டா இருக்கட்டும். நான் காசு மிச்சம் பிடிக்கறேன்னு ஆசாரிகிட்டச் சொல்லி மரத்துல ஒண்ணு செஞ்சேன். அழகா இருந்துது, ஆனா கால் நாலும் நேராக் கீழே இறங்கியிருந்துது. ரெண்டாவது நாள் ஒரு பையன் மேஜையைக் காலால உதைச்சான், நாற்காலி பின்னாடி சாய்ஞ்சுது. சுவர் இருந்ததால அதுல முட்டி நின்னுது. ஆசாரி வந்து பார்த்துட்டு, "கால் அகட்டி நிக்கணுங்க அம்மா, மாடு நிக்கிற மாதிரி"ன்னு சொல்லிட்டு அதைத் தூக்கிட்டுப் போனார். நீங்க கடையில வாங்கினாலும் உட்கார்ற இடத்தை விடக் கீழ்ப்பக்கம் அகலமா இருக்கான்னு ஒருதரம் ஆட்டிப் பார்த்துட்டே வாங்குங்க.